மாற்றிய மீட்டரும் மறைந்த கிலோமீட்டரும்



இம்மாதம் ஒரு காரின் மீட்டரைப் பற்றி எழுத நேர்ந்திருக்கிறது. மதரஸாவில் ஃபிக்ஹுப் பாடம் நடத்துகிறவனுக்கு மோட்டார் வாகனத்தோடு என்ன வேலை என்று யாரும் புருவத்தை உயர்த்த வேண்டாம். வணிகப் பாடத்தில் ஒட்டகமும் ஆடும் பேரீச்சம்பழமும் வருகின்றன. அவை நின்ற இடத்தில் இன்று கார் வந்து நிற்கிறது, அவ்வளவே.

கீழத்தஞ்சைப் பகுதியிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். கணவர் குவைத்தில் பணியாற்றுகிறார். வீட்டில் ஒன்பது ஆண்டுகளான டீசல் கார் ஒன்று இருக்கிறது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லவும், மாமியாரை மருத்துவமனைக்குக் கூட்டிப் போகவும் அது பயன்படுகிறது. சென்ற மழைக்காலத்தில் முன்கண்ணாடியின் ஓரம் வழியாக நீர் கசிந்து, ஓட்டுநருக்கு எதிரே உள்ள மீட்டர் போர்டு முழுவதும் இருண்டுவிட்டது. வேகமும் தெரியவில்லை, டீசல் அளவும் தெரியவில்லை, இதுவரை எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்ற எண்ணும் தெரியவில்லை. புதியது வாங்க விலை அதிகம் என்பதால், பட்டறைக்காரர் அதே வகை வண்டியிலிருந்து கழற்றிய பழைய மீட்டர் போர்டு ஒன்றை வாங்கிப் பொருத்திக் கொடுத்தார். எல்லாம் ஒழுங்காக வேலை செய்கின்றன. ஆனால், ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிய வண்டி, அன்று முதல் நாற்பத்தோராயிரத்துச் சொச்சம் என்று தன் வயதைக் குறைத்துச் சொல்லத் தொடங்கிவிட்டது.

இப்போது வண்டியை விற்க முடிவு செய்திருக்கிறார்கள். மாமியார் வழியில் தூரத்து உறவினர் ஒருவர் வாங்க முன்வந்துள்ளார். வந்து பார்த்தவர், "இவ்வளவு குறைவாக ஓடிய வண்டியா?" என்று மகிழ்ந்து போனாராம். கொழுந்தனார் சொல்லுகிறார்: "மீட்டர் காட்டுவதைப் பார்த்துத்தானே அவர் வாங்குகிறார். நாம் ஒன்றும் பொய் சொல்லவில்லையே. கேட்டால் சொல்லுவோம்." சகோதரியின் மனம் ஒப்பவில்லை. "அஜ்ரத், கேட்காதவரிடமும் நாமாகச் சொல்லத்தான் வேண்டுமா? சொன்னால், உண்மைக் கணக்கு இதுதான் என்று எதைக் காட்டி நிரூபிப்பது?" என்று வினவியிருக்கிறார்.

முதல் கேள்விக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லிவிடலாம். இரண்டாவது கேள்விதான் நம்மில் பலர் நினைத்துப் பார்க்காதது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அங்காடியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்ததும், உள்ளே ஈரம் இருந்ததும், மழையில் நனைந்துவிட்டது என்று வணிகர் கூறியதும், நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று அண்ணலார் கேட்டதும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரிந்த செய்தி. அந்த வணிகரும் வாய் திறந்து பொய் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மழையும் அவர் வரவழைத்ததன்று. காய்ந்த தானியம் மேலே இருந்தது. ஈரமானது கீழே இருந்தது. அவர் பேசாமல் இருந்தார்.

மீட்டருக்கு இன்னும் நெருக்கமான ஒன்று ஹதீஸ் நூல்களில் உண்டு. விற்பதற்குச் சில நாட்கள் முன்பிருந்தே ஆட்டையோ ஒட்டகத்தையோ கறக்காமல் விட்டு, மடியைப் பெரிதாகக் காட்டி விற்கும் வழக்கம் அரபு நாட்டில் இருந்தது. அவ்வாறு விற்கப்படும் பிராணிக்கு முஸர்ராத் என்று பெயர். அண்ணலார் அதைத் தடுத்தார்கள். ஏமாந்து வாங்கியவர் விரும்பினால் வைத்துக்கொள்ளலாம்; வேண்டாமெனில், கறந்த பாலுக்கு ஈடாக ஒரு ஸாஉ பேரீச்சம்பழத்தோடு திருப்பிக் கொடுக்கலாம் என்று உரிமையும் அளித்தார்கள். மடி பெரிதாகத் தெரிகிறது. வாங்குகிறவர் தம் கண்ணால் பார்த்துத் தாமே ஒரு முடிவுக்கு வருகிறார். விற்கிறவர் எதுவுமே சொல்லவில்லை. கொழுந்தனாரின் வாதத்தை இதன் அருகில் வைத்துப் பாருங்கள்.

"உள்ளது உள்ளபடி விற்கிறேன், பிறகு என்னிடம் வரக்கூடாது" என்று ஒரு வார்த்தை போட்டுக்கொண்டால் பொறுப்புத் தீருமா என்று சிலர் கேட்பதுண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் அந்த நிபந்தனைக்கு மிகக் குறுகிய இடமே உள்ளது. பிராணியின் உடலுக்குள், விற்கிறவரும் அறியாமல் இருக்கும் குறைக்கு மட்டுமே அது பொருந்தும். ஹனஃபீ நூல்களில் அதற்கு இடம் அதிகம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆயினும், தெரிந்த குறையை வேண்டுமென்றே மறைப்பது பாவம் என்பதில் இரு தரப்பாரும் வேறுபடவில்லை.

நாட்டுச் சட்டத்தையும் பார்த்துவிடலாம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 17ஆம் பிரிவில், ஓர் உண்மையை அறிந்தவர் அதை முனைந்து மறைப்பதும் மோசடிதான் என்கிறது. அதே பிரிவின் விளக்கம், வெறும் மௌனம் மட்டும் பொதுவாக மோசடியாகாது என்றும், பேச வேண்டிய கடமை இருக்கும்போதோ, மௌனமே பேச்சுக்குச் சமமாகும்போதோ அது மோசடியாகும் என்றும் கூறுகிறது. கொழுந்தனார் இந்த முதற்பாதியில்தான் நிற்கிறார். ஆனால் இங்கே மௌனம் ஏது? விற்கிறவர் வாய் மூடியிருக்கலாம். சாவியைத் திருப்பியவுடன் மீட்டர் ஒளிரும் எழுத்தில் அவர் சார்பாகப் பேசுகிறதே! அது சொல்வது பொய் என்பது அவருக்குத் தெரியும், கேட்பவருக்குத் தெரியாது.

ஆகவே, சகோதரியே, கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்லத்தான் வேண்டும். இனி எப்படிச் சொல்வது, எதைக் கொண்டு நிரூபிப்பது என்று பார்ப்போம். இதற்காக எங்கள் மதரஸாவுக்கு எதிரே கார் பட்டறை வைத்திருக்கும் அன்பர் ஒருவரிடம் இரண்டு மாலைப் பொழுதுகள் பாடம் கேட்டேன்.

அம்பாசிடரும் பத்மினியும் ஓடிய நாளில், கியர்பாக்ஸிலிருந்து ஒரு கேபிள் மீட்டர் வரை வரும். சக்கரம் சுற்றினால் கேபிள் சுற்றும். கேபிள் சுற்றினால் பற்சக்கரங்கள் வழியே எண் பொறித்த சிறு உருளைகள் ஒன்றையொன்று தள்ளி நகரும். பழைய வண்டிகள் பலவற்றில் ஐந்தே இலக்கம். 99,999ஐத் தாண்டினால் மீண்டும் பூஜ்யம். இப்போதைய வண்டிகளில் கேபிள் இல்லை. சக்கரத்தின் அல்லது கியர்பாக்ஸின் அருகிலுள்ள உணரி அனுப்பும் மின்துடிப்புகளை எண்ணி, ஓடிய தூரத்தைக் கணக்கிடுகிறார்கள். அந்தக் கூட்டுத்தொகை பெரும்பாலும் மீட்டர் போர்டின் உள்ளேயே ஒரு சிறு நினைவகச் சில்லில் பதிந்திருக்கும். சில நிறுவனத்தார் மட்டும் அதன் பிரதி ஒன்றை வண்டியின் வேறொரு கட்டுப்பாட்டுப் பெட்டியிலும் வைக்கிறார்கள்.

மீட்டர் போர்டைக் கழற்றினால் வண்டியின் நினைவும் அதனுடன் கழன்று போய்விடுகிறது என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம். புதிதாகப் பொருத்துவது நிறுவனத்திலிருந்து வந்ததானால் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தையிலிருந்து வந்ததானால், தான் முன்பு இருந்த வண்டியின் கணக்கையே சொல்லும். கண்ணால் கண்ட சாட்சி ஊரை விட்டுப் போய்விட்டார். அவர் இடத்தில் உட்கார்ந்திருப்பவர் வேறொரு வழக்கின் சாட்சி. அவரைக் குறை சொல்லவும் முடியாது.

இந்த இரண்டில் எது ஆபத்தானது என்று கேட்டால், பூஜ்யத்தைவிட நாற்பத்தோராயிரமே ஆபத்தானது என்பேன். ஒன்பது வயது வண்டி மூவாயிரம் கிலோமீட்டர் காட்டினால் குழந்தைகூட நம்பாது. என்ன நடந்தது என்று கேட்பார்கள், உண்மை வெளிவரும். நாற்பத்தேழாயிரம் என்றால் நம்பிவிடுவார்கள். வீட்டோடு நின்ற வண்டி போலிருக்கிறது, கணவர் வெளிநாட்டில்தானே இருக்கிறார் என்று அவர்களே ஒரு காரணத்தையும் கண்டுபிடித்துக் கொள்வார்கள்.

இதில் விலை மட்டுமன்று, உயிரும் அடங்கியிருக்கிறது. பல எஞ்ஜின்களில் டைமிங் பெல்ட் என்று ஒரு பட்டை உண்டு. வண்டிக்கு வண்டி கெடு வேறுபட்டாலும், ஒரு லட்சம் கிலோமீட்டரை ஒட்டி அதை மாற்றிவிட வேண்டும் என்று பல வண்டிகளின் கையேட்டில் இருக்கும். மாற்றாமல் விட்டு அது அறுந்தால், பெரும்பாலான எஞ்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொண்டு எஞ்ஜின் பாழாகும். நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே வண்டி திடீரென்று உயிர் இழந்து நிற்கும். மீட்டரை நம்பி, இன்னும் ஐம்பதாயிரம் இருக்கிறதே என்று நினைத்திருப்பவர் அந்தப் பட்டையை ஏன் மாற்றப் போகிறார்? கியர் எண்ணெய், குளிர்நீர், புஷ், பேரிங் என்று எல்லாவற்றின் கெடுவும் அந்த ஓர் எண்ணில்தான் தொங்குகிறது. வாங்கப் போகிறவர் வீட்டிலும் பெண்டு பிள்ளைகள் உண்டு.

அமெரிக்க நாட்டில் இதற்கென்றே தனிச் சட்டம் இருப்பதை இங்கே சொல்ல வேண்டும். 1972ஆம் ஆண்டிலேயே இயற்றினார்கள். மீட்டரைப் பழுது பார்க்கலாம், மாற்றலாம். ஆனால் முன்பிருந்த எண்ணே மாற்றிய பின்பும் இருக்க வேண்டும். அவ்வாறு வைக்க இயலாதெனில், மீட்டரைப் பூஜ்யத்தில் வைக்க வேண்டும். மாற்றுவதற்கு முன் ஓடிய தூரத்தையும் மாற்றிய தேதியையும் எழுதி, வண்டியின் உரிமையாளரோ அவர் சார்பில் ஒருவரோ இடப்பக்கக் கதவின் சட்டத்தில் ஒட்ட வேண்டும். ஏமாற்றும் நோக்கத்துடன் அந்தச் சீட்டைக் கிழிப்பதும் திருத்துவதும் தனிக் குற்றம். அந்நாட்டில் ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம் ஆதலால் இடப்பக்கக் கதவு. நமக்கு வலப்பக்கம் என்று கொள்ள வேண்டியதுதான்.

இந்தச் சட்டத்தில் என்னைக் கவர்ந்தவை இரண்டு. நம்பத்தக்க பொய் எண்ணைவிட, யாரும் நம்பாத பூஜ்யமே நேர்மையானது என்று அவர்கள் கண்டுகொண்டார்கள். உரிமையாளரின் வாயை நம்பாமல், வண்டியின் உடம்பிலேயே எழுதி ஒட்டச் சொன்னார்கள். வாய்ச்சொல் இரண்டாவது கையோடு நின்றுவிடும். சகோதரி தம் உறவினரிடம் உண்மையைச் சொல்லிவிடுவார். அவரும் ஏற்று, விலையைக் குறைத்துப் பேசி வாங்கிக்கொள்வார். மூன்று ஆண்டுகள் கழித்து அவர் ஒரு தரகரிடம் விற்பார். தரகர் வேறு ஊரில் ஒருவருக்கு விற்பார். அங்கே சகோதரியின் சொல் இருக்காது. மீட்டரின் சொல்தான் இருக்கும். நேர்மையாக விற்ற வண்டியே நான்காவது கையில் பொய்யாகிவிடும். எழுதப்பட்ட சீட்டு மட்டுமே வண்டியோடு கூடவே போகும்.

அவ்வளவு கடுமையான சட்டம் இருந்தும் அங்கே மோசடி ஒழிந்துவிடவில்லை. பொய்யான கிலோமீட்டர், அவர்கள் கணக்கில் மைல், காட்டி ஆண்டுக்கு 4,50,000 வண்டிகளுக்கு மேல் விற்கப்படுவதாகவும், அதனால் மக்களுக்கு 100 கோடி டாலருக்கு மேல் இழப்பு என்றும் அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்புத் துறையே மதிப்பிட்டிருக்கிறது. ஏமாற்றியவர், ஏற்பட்ட இழப்பைப்போல் மூன்று மடங்கு அல்லது 10,000 டாலர், இவற்றில் எது அதிகமோ அதைக் கொடுக்க வேண்டும். 1986இல் வந்த திருத்தச் சட்டம், உரிமை மாற்றப் பத்திரத்திலேயே ஓடிய தூரத்தை எழுதிக் கையொப்பமிடச் செய்தது. அதில் விற்கிறவர் மூன்றில் ஒன்றைச் சொல்ல வேண்டும்: இதுவே மெய்யான தூரம், அல்லது, மீட்டரின் இலக்கம் தீர்ந்து மறுசுற்று வந்துவிட்டது, அல்லது, இது மெய்யான தூரம் அன்று, நம்ப வேண்டாம். இந்த மூன்றாவது வாசகத்தை வெட்கமின்றி எழுத ஒரு கட்டம் ஒதுக்கி வைத்தார்களே, அது நல்ல ஏற்பாடு.

பெல்ஜியத்தில் 2006 முதல் பழைய வண்டியை விற்பவர், அதன் கிலோமீட்டர் வரலாறு அடங்கிய சான்றிதழ் ஒன்றைத் தந்தே ஆக வேண்டும். பட்டறைக்கு வண்டி வரும்போதெல்லாம் மீட்டர் எண் ஒரு பொதுப் பதிவுக்குப் போய்ச் சேர்கிறது. ஜெர்மனியில் 2005 முதல் மீட்டரைத் திருத்துவதே சிறைத் தண்டனைக்குரிய குற்றம். இலங்கை வாசகர்கள் நன்கறிந்த ஜப்பானிய ஏலச் சீட்டுகளில், மீட்டர் மாற்றப்பட்ட வண்டி வேறு, மீட்டர் கணக்கு ஐயத்துக்குரிய வண்டி வேறு என்று பிரித்தே காட்டுவார்கள்.

நம் நாட்டிலோ வாகனப் பதிவுச் சான்றிதழில் ஓடிய தூரத்துக்கு இடமே இல்லை. உரிமை மாற்றத்துக்கு நிரப்பும் 29, 30 எண் படிவங்களில் எஞ்ஜின் எண், சேஸிஸ் எண் எல்லாம் கேட்பார்கள், இதைக் கேட்பதில்லை. ஆகவே நாமே எழுதி வைத்தால்தான் உண்டு.

சகோதரியின் கடிதத்தில் இதற்கு வேண்டியவை அனைத்தும் இருக்கின்றன. அவர்தாம் அவற்றை ஆதாரம் என்று கருதவில்லை. வீட்டுச் செலவுக் கணக்கைக் கணவருக்கு அனுப்ப வேண்டி, டீசல் போடும்போதெல்லாம் தேதி, லிட்டர், தொகை, மீட்டர் எண் நான்கையும் ஒரு நோட்டில் எழுதி வந்திருக்கிறார். மீட்டர் இருண்டதற்கு முதல் நாள் எழுதிய எண் 1,18,640. பழைய மீட்டர் போர்டைப் பொருத்திய அன்று, "வண்டி சின்னப் பிள்ளையாகிவிட்டது" என்று மகள் வேடிக்கையாகக் கைபேசியில் படம் பிடித்து வாப்பாவுக்கு அனுப்பியிருக்கிறாள். அந்தப் படத்தில் 41,275 என்று தெரிகிறது. அனுப்பிய தேதியும் இருக்கிறது. பட்டறை ரசீதில் "மீட்டர் போர்டு மாற்றியது" என்ற ஒரே வரியும் தொகையும்தான். எண் எதுவும் இல்லை. இந்தப் பட்டறையில் மட்டும் இப்படி என்றில்லை. பெரும்பாலான இடங்களில் இதுதான் பழக்கம். கழற்றியதன் எண், பொருத்தியதன் எண், தேதி மூன்றையும் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள் என்று வாசகர் அனைவருக்கும் சொல்லி வைக்கிறேன். கேட்டால் எழுதிக் கொடுக்க மறுப்பவர் குறைவு.

இன்று மீட்டர் காட்டுவது 47,905. பொருத்திய அன்றிருந்த 41,275ஐக் கழித்தால், மாற்றிய பின் ஓடியது 6,630. பழைய மீட்டரின் 1,18,640உடன் இதைக் கூட்டினால் 1,25,270 வருகிறது.

ஆனால் இதில் ஓர் ஓட்டை இருக்கிறது. மீட்டர் இருண்ட நாளுக்கும் புதியது பொருத்திய நாளுக்கும் இடையே 23 நாட்கள். அந்நாட்களில் வண்டி நிற்கவில்லை. பள்ளி நாட்கள் 18, நாளொன்றுக்கு 14 கிலோமீட்டர் என்று 252. மருத்துவமனைக்கு மூன்று முறை, முறைக்கு 24 என்று 72. ஒரு கலியாணத்துக்கு வெளியூர் போய் வந்தது 180. ஆக 504. இது நினைவிலிருந்து போட்ட கணக்கு. சரிதானா என்று பார்க்க டீசல் நோட்டு உதவுகிறது. மீட்டர் எண் இல்லாத அந்நாட்களிலும் லிட்டர் எழுதப்பட்டிருக்கிறது. மொத்தம் 28 லிட்டர். அந்த வண்டி லிட்டருக்குச் சுமார் 18 கிலோமீட்டர் கொடுப்பது முந்தைய பக்கங்களிலிருந்து தெரிகிறது. பெருக்கினால் 504 வருகிறது. இரண்டு வழியிலும் ஒரே விடை வந்தது நல்வாய்ப்பு. எப்போதும் இவ்வளவு பொருந்தும் என்று எதிர்பார்க்கக் கூடாது. என்றாலும் இது கணிப்புத்தான். ஆகவே "ஏறத்தாழ 500" என்றுதான் எழுத வேண்டும். கணித்ததைக் கணித்தது என்றும், கண்டதைக் கண்டது என்றும் தனித்தனியே எழுதிவிட்டால், அதில் சிறு பிழை இருந்தாலும் யாரும் ஏமாறப் போவதில்லை.

ஒரு தாளில் இப்படி எழுதுங்கள்: "இவ்வாகனத்தின் மீட்டர் போர்டு மழைநீரால் பழுதுற்று, இன்ன தேதியில் மாற்றப்பட்டது. பழைய மீட்டரில் கடைசியாகக் குறித்த அளவு 1,18,640 கி.மீ. பின்னர் மீட்டர் இயங்காத 23 நாட்களில் ஓடியது ஏறத்தாழ 500 கி.மீ. (கணிப்பு). மாற்றாகப் பொருத்திய பழைய மீட்டர் அன்று காட்டிய அளவு 41,275 கி.மீ. வண்டி ஓடிய மொத்தத் தூரத்தை அறிய, மீட்டர் காட்டும் எண்ணுடன் 77,865 கூட்டுக." இந்தக் கடைசி வரிதான் முக்கியம். 1,18,640உடன் 500ஐக் கூட்டி 41,275ஐக் கழித்தால் கிடைக்கும் எண் அது. இனி எத்தனை ஆண்டுகள் ஓடினாலும், எத்தனை கை மாறினாலும், மீட்டர் காட்டுவதுடன் 77,865 சேர்த்தால் போதும். இன்றைய கணக்கு 1,25,770.

வண்டியின் பதிவு எண்ணும் சேஸிஸ் எண்ணும் தாளின் மேலே இருக்கட்டும். இல்லாவிட்டால் எந்த வண்டிக்கு எழுதியது என்ற பேச்சு எழும். கணவருக்குத் தாளை அனுப்பிச் சம்மதம் பெற்று, பதிவுச் சான்றிதழில் யார் பெயர் இருக்கிறதோ அவரே கையொப்பமிட வேண்டும். பட்டறைக்காரரிடமும் ஒரு கையொப்பமும் முத்திரையும் வாங்கிவிடுங்கள். மூன்று பிரதிகள் வேண்டும். ஒன்று உங்களிடம், ஒன்று வாங்குகிறவரிடம், அவர் படித்துப் பார்த்தேன் என்று எழுதிக் கையொப்பமிட்ட பிறகு, மற்றொன்று வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் ஒட்டப்பட வேண்டும். கடைசி வரியை மட்டும் ஒரு சிறு சீட்டில் எழுதி, நீர் படாத ஒட்டுத்தாளால் மூடி, ஓட்டுநர் கதவின் சட்டத்தில் ஒட்டுங்கள். நம் நாட்டுச் சட்டம் இதைக் கேட்கவில்லை. கேட்காததைச் செய்யக் கூடாது என்றும் எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

திருமறையின் மிக நீண்ட வசனம், அல்பகராவின் 282ஆவது வசனம், கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது என்பதை அறிவீர்கள். கைக்குக் கை மாறும் ரொக்க வியாபாரத்தில் எழுதாவிட்டால் குற்றமில்லை என்ற சலுகையும் அதிலேயே இருக்கிறது. ஆகவே இந்தத் தாளை மார்க்கக் கடமை என்று நான் சொல்லவில்லை. ஆனால், எழுதுவது ஐயம் எழாமல் காக்கும் என்று அவ்வசனம் கூறும் காரணம் இதற்கும் பொருந்துகிறது. அதுவும் உறவுக்குள் விற்கும்போது, பின்னால் வரும் ஐயம் விலையோடு நிற்பதில்லை. கலியாண வீட்டிலும் மையித்து வீட்டிலும் வந்து நிற்கும்.

கடிதத்தின் ஓரத்தில் மற்றொரு கேள்வியும் இருந்தது. கணினி வைத்திருக்கும் ஒருவர், மீட்டரில் சரியான எண்ணையே ஏற்றித் தருவதாகச் சொல்கிறாராம், அது கூடுமா? உண்மையான அளவுக்குத் திருத்துவது மோசடி ஆகாது. நான் மேலே சொன்ன அமெரிக்கச் சட்டமும், எண் மாறாமல் இருக்க வேண்டும் என்றுதான் முதலில் கேட்கிறது. பூஜ்யம் அதற்கு அடுத்த வழி. வண்டி தயாரித்த நிறுவனத்தின் சேவை நிலையத்தில், அவர்களுடைய கருவியால் செய்து ரசீது தருவார்கள் என்றால் தாராளமாகச் செய்யுங்கள். சந்து பொந்தில் செய்பவரிடம் எனக்குத் தயக்கம் உண்டு. ஏற்றத் தெரிந்தவருக்கு இறக்கவும் தெரியும். அவர் தொழிலே பெரும்பாலும் இறக்குவதுதான். திருத்திய பின் ஒருநாள் வேறொருவர் கருவி வைத்துச் சோதித்து, இந்த மீட்டரில் கை வைத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடித்தால், நல்ல நோக்கத்தோடுதான் வைத்தோம் என்பதை எப்படிக் காட்டுவீர்கள்? திருத்தினாலும் தாள் வேண்டும்; திருத்தாவிட்டாலும் தாள் வேண்டும். ஒன்று மட்டும் மறவாதீர்கள். எண்ணைத் திருத்திவிட்டால் "77,865 கூட்டுக" என்ற சீட்டு கதவில் இருக்கக் கூடாது; இருந்தால் இரண்டு முறை கூட்டிவிடுவார்கள். திருத்திய தேதியையும் திருத்திய எண்ணையும் எழுதிப் புதிய சீட்டு ஒட்ட வேண்டும்.

உறவினர் இத்தனையும் கேட்டபின் விலையைக் குறைக்கக் கூடும். குறைக்கட்டும், அதுதான் வண்டியின் விலை. டைமிங் பெல்ட்டை எப்போது மாற்றினீர்கள் என்று சர்வீஸ் ரசீதுகளில் தேடிப் பாருங்கள். மாற்றியிருந்தால் அந்த ரசீதைக் காட்டுங்கள். விலையில் பாதிக் குறை அதிலேயே ஈடாகலாம். மாற்றியதாக ரசீது இல்லையெனில், அதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள். அவர் முதலில் செய்ய வேண்டிய வேலை அதுவாக இருக்கும்.

கழற்றிய பழைய மீட்டர் போர்டு இன்னும் பட்டறையின் மூலையில் கிடக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். திரை இருண்டிருந்தாலும் உள்ளே சில்லில் எண் அழியாமல் இருக்க வாய்ப்புண்டு. நல்ல கருவி உள்ளவர் அதைப் படித்துவிடுவார். அப்படிப் படித்தால் 1,18,640க்குப் பின்னும் அது ஏதேனும் எண்ணியதா என்பதும் தெரியவரும். தெரிந்தால் கணக்கை அதற்கேற்பத் திருத்திக்கொள்ளலாம். பழைய பொருள் வாங்குகிறவர் எடுத்துப் போவதற்குள், பிள்ளையை அனுப்பி அதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வண்டியை ஒப்படைக்கும் நாளில் அதையும் ஒரு பையில் போட்டு டிக்கியில் வைத்துவிடுங்கள்.